அழகருக்கு என்ன பட்டு?

சித்திரைப் பௌர்ணமி விடியலில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது கூட்டத்தின் கண் முதலில் தேடுவது அவர் உடுத்தியிருக்கும் பட்டின் நிறத்தைத்தான். ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைத் தல்லாகுளத்தில் ஏற்றுக்கொண்டு தங்கக் குதிரையில் புறப்படும் முன், பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும் பட்டு எதுவோ அதுவே அந்த ஆண்டின் பலன் என்பது மதுரையின் நம்பிக்கை. பச்சை என்றால் மழையும் விளைச்சலும். சிவப்பு என்றால் சண்டையும் சேதமும். மற்ற நிறங்களுக்கும் ஆளுக்கொரு பலன் சொல்வார்கள். ஆற்றுக்குள் நிற்பவர்களிடமிருந்து கரைக்கும், கரையிலிருந்து தெருவுக்கும் செய்தி பரவும்: “என்ன பட்டு? பச்சைப்பட்டு!”

அந்தக் கூட்டத்தில் சிலர், பட்டைக் கண்ணாலேயே பார்த்த பிறகும் பக்கத்தில் நிற்பவரிடம் அதே கேள்வியைக் கேட்பார்கள். ஊர் முழுக்க நல்லதுக்கும் கெட்டதுக்கும் அடையாளமாக வைத்திருக்கும் அந்த இரண்டு நிறங்கள்தாம் அவர்களுக்குப் பிடிபடாதவை. அவர்கள் எத்தனை பேர்? வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குப் பிறவியிலேயே சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறை உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் நான்கு முதல் ஆறு பேர். இந்தியக் கணக்கெடுப்புகள் சமூகத்துக்குச் சமூகம் மாறினாலும் பெரும்பாலும் ஐரோப்பிய அளவைவிடக் குறைவாகவே காட்டுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தில் சுமார் 30 லட்சம் பேர்; பாதிப்பேர் ஆண்கள். நூற்றுக்கு மூன்று என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 45,000 ஆண்கள் தேறுவார்கள். ஒரு சிறு நகரத்தின் அளவுள்ள இந்தக் கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தங்களைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கிவிடலாம். ‘கலர் பிளைண்ட்’ என்றதும் உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படிப் பார்ப்பவர்கள் மிக மிக அரிது. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பெரும்பாலோருக்கு மஞ்சளும் நீலமும் பளிச்சென்றே தெரியும். அவர்கள் திணறுவது சிவப்பு, பச்சை, பழுப்பு, ஆரஞ்சு என்ற வரிசையில். இன்னொரு பக்கம் நீலமும் ஊதாவும். வெளிர் சிவப்பும் சாம்பலும். அதிலும் அளவு உண்டு. லேசாகத் தடுமாறுபவர்களே அதிகம்.

விழித்திரையில் பகல் வெளிச்சத்தில் வேலை செய்யும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம் இருக்கின்றன. அவற்றில் மூன்று வகை. முதல் வகை 420 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கும், இரண்டாவது 530-ஐ ஒட்டிய ஒளிக்கும், மூன்றாவது 560-ஐ ஒட்டிய ஒளிக்கும் அதிகமாகத் தூண்டப்படும். எந்தக் கூம்பும் தனியாக நிறத்தைச் சொல்லாது. தன்மேல் விழுந்த ஒளி எவ்வளவு என்பதை மட்டுமே சொல்லும். மூளை இவற்றைத் தராசில் வைப்பதுபோல் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு நிறத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும் ஏறக்குறைய ஒரே எடை. அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் சிவப்பும் பச்சையும் பிரிகின்றன. ஒரு தட்டு இல்லாமல் போனாலோ, இரண்டு தட்டும் இன்னும் நெருங்கிவிட்டாலோ, முள் அசையாது.

ஏன் இவை இரண்டும் இவ்வளவு நெருக்கம்? 1986-ல் ஜெரமி நேதன்ஸும் அவருடைய குழுவினரும் இந்த நிறமிகளுக்கான மரபணுக்களைப் பிரித்தெடுத்தபோது விடை கிடைத்தது. இரண்டு மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. கிட்டத்தட்ட ஒரே எழுத்துக்களால் ஆனவை. ஒரே மரபணு பல கோடி ஆண்டுகளுக்கு முன் இரட்டித்துப் பிரிந்ததன் மிச்சம் அது. கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எழுத்து ஒன்றுபோல இருப்பதால் அங்கே இடம் தவறி ஒட்டிக்கொள்வது எளிது. ஒரு மரபணு விட்டுப்போகும். அல்லது இரண்டும் பாதிப் பாதி கலந்து புதிதாக ஒன்று உண்டாகும். தழைக்குள் பழுத்த பழத்தைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ள முடிந்த குரங்கினம் பிழைத்தது, அதனால்தான் இந்த இரட்டிப்பு நிலைத்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் மிளகாய்த் தோட்டத்தில் பழம் எடுக்க இறங்கும் ஒருவர் செய்வதும் அதே வேலை. நிறக்குறை உள்ளவருக்குச் செடிக்குள் சிவப்பு குதித்து வராது. அவர் பளபளப்பைப் பார்ப்பார், சுருக்கத்தைப் பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார். தக்காளி என்றால் லேசாக அழுத்திப் பார்ப்பார். மற்றவர் ஒரு பார்வையில் முடிப்பதை அவர் மூன்று அடையாளங்களை வைத்து முடிக்கிறார். பழக்கத்தில் அது அவ்வளவு இயல்பாகிவிடுவதால்தான் அவருக்கே தன் குறை தெரியாமல் போகிறது.

இந்தத் தெரியாமையின் முதல் சாட்சி ஜான் டால்டன். நம் பாடப்புத்தகத்தில் அணுக்கொள்கைக்காக வரும் அதே டால்டன்தான். பகலில் ஒரு நிறமாகத் தெரிந்த ஜெரேனியம் பூ மெழுகுவத்தி வெளிச்சத்தில் முற்றிலும் வேறு நிறமாகத் தெரிவதைக் கண்டு விசாரித்தார். அவருடைய அண்ணனைத் தவிர வேறு யாருக்கும் அப்படித் தெரியவில்லை. 1794-ல் மான்செஸ்டரில் அதைக் கட்டுரையாக வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்று நம்பி, இறந்தபின் தன் கண்ணைத் திறந்து பார்க்கும்படி சொல்லிவைத்தார். 1844-ல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. எஞ்சிய கண் திசுவிலிருந்து 1995-ல் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தபோதுதான் அவருக்கு 530-ஐ ஒட்டிய நிறமியின் மரபணு இல்லை என்பது தெரிந்தது. தன்னைத் தானே ஆராயத் தெரிந்த விஞ்ஞானிக்கே இருபது வயதைத் தாண்டித்தான் தன் கண்ணைப் பற்றித் தெரிந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மதுரைப் பிள்ளைக்கு எப்போது தெரிகிறது? பெரும்பாலும் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான். ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வுக்கு இரண்டு மூன்று வருடம் கோச்சிங் போய், எழுத்துத் தேர்வு, கணினித் தேர்வு எல்லாம் தேறி, கடைசியாக ஏ-1 பிரிவு மருத்துவத்துக்கு உட்காரும்போது முன்னால் ஒரு புத்தகம் விரிகிறது. புள்ளி புள்ளியான வட்டங்கள். முதல் பக்கத்தில் 12. அது எல்லோருக்கும் தெரியும். அடுத்த பக்கத்தில் டாக்டர் எதிர்பார்ப்பது 8. அவன் 3 என்கிறான். அடுத்ததில் 29-க்குப் பதில் 70. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அந்தப் புத்தகத்தைச் செய்தவர் ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் மருத்துவர். ராணுவத்தில் ஆள் சேர்ப்பதற்காகத் தொடங்கிய வேலை. 1917-ல் உலகுக்கான பதிப்பு வெளிவந்தது. நூறாண்டு கடந்தும் அது பரவலாகப் பயன்படுகிறது என்பது அந்த மனிதரின் நுட்பத்துக்குச் சான்று. அந்தத் தாள்களில் வெவ்வேறு தந்திரங்கள் உண்டு. சிலவற்றில் எண் மாறித் தெரியும். சிலவற்றில் மறைந்துவிடும். 26, 42 என்று எழுதிய தாள்களில் எந்த இலக்கம் தெரிகிறது என்பதை வைத்து எந்த வகைக் குறை என்று பிரிப்பார்கள்: 560 வகைக் கூம்பில் குறை என்றால் 6-ம் 2-ம், 530 வகை என்றால் 2-ம் 4-ம். எனக்கு மிகவும் பிடித்தவை, நிறக்குறை உள்ளவர் மட்டுமே படிக்கக்கூடிய தாள்கள். சாதாரணக் கண்ணுக்கு அங்கே வெறும் புள்ளிக் குழப்பம். குறை உள்ளவருக்கு 45 என்று தெளிவாகத் தெரியும். சிவப்பு-பச்சை வேறுபாடு நம் கண்ணை இழுத்துக்கொண்டு போவதால் நீலச் சாயலில் எழுதிய எண்ணை நாம் தவறவிடுகிறோம். பார்வையில் இருப்பதெல்லாம் கூடுதல், இல்லாததெல்லாம் குறைவு என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இந்தப் புத்தகத்தைப் பயன்படுத்த முறை உண்டு. பகல் வெளிச்சத்தில், 75 செ.மீ. தள்ளி, ஒரு தாளுக்கு மூன்று விநாடி. பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் காட்டினால் தேறாதவரும் தேறிவிடலாம். இதே தாள்கள் இப்போது கைப்பேசியில் கொட்டிக் கிடக்கின்றன. ‘உங்கள் கண்ணைச் சோதித்துப் பாருங்கள்’ என்று வரும் படங்களும் வீடியோக்களும் நல்ல நோக்கத்தில் செய்யப்பட்டவையாகவே இருக்கலாம். ஆனால் அச்சுத்தாள் சூரிய ஒளியின் பல அலைநீளங்களை வெவ்வேறு அளவில் திருப்பியனுப்புகிறது. கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து அந்த நிறத்தைப் போலச் செய்கிறது. இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மஞ்சள் வடிகட்டியைப் போட்டிருந்தால் கணக்கு இன்னும் மாறும். ஒருவருடைய திரையில் தேறுகிறவர் இன்னொருவருடைய திரையில் தவறலாம். சந்தேகத்தைக் கிளப்ப அது போதும். தீர்ப்பு சொல்லப் போதாது.

அதைவிடக் கவலை தருவது மனப்பாடம். வரிசையாக எண்களை உருப்போட்டுக்கொண்டு போகும் பழக்கம் போட்டித்தேர்வு எழுதும் பிள்ளைகளிடம் இருக்கிறது. டாக்டர் தாளை மாற்றிப் புரட்டினால் அது உதவாது என்பது ஒருபுறம். உதவிவிட்டால் இன்னும் மோசம். இரவில், தூரத்தில், இருட்டுக்குள் ஒரே ஒரு ஒளிப்புள்ளியாகத் தெரியும் சிக்னலை நிறத்தை வைத்து மட்டுமே படிக்க வேண்டும். கோரிப்பாளையம் சந்திப்பில் நிற்பவருக்கு மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை என்று இடம் சொல்லிவிடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வரும் ரயிலுக்கு அந்த வசதி இல்லை. அதிலும் 560 வகைக் கூம்பு இல்லாதவருக்குச் சிவப்பு விளக்கு நிறம் மாறித் தெரிவதோடு மங்கியும் தெரியும். லோகோ பைலட் பணிக்கு ரயில்வே கண்டிப்பாக இருப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். அந்தக் கண்டிப்பு தொடங்கிய கதையும் ஒரு விபத்தில்தான். 1875 நவம்பரில் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். ஓட்டுநரின் நிறப்பார்வையைச் சந்தேகித்த உப்சாலா உடலியல் பேராசிரியர் ஹோம்கிரன், சாயமேற்றிய கம்பளி நூல்களை இனம் பிரிக்கச் சொல்லும் சோதனை ஒன்றை உருவாக்கினார். அது ஐரோப்பிய ரயில்வேக்களில் பரவியது. அந்த ஓட்டுநருக்கு உண்மையிலேயே குறை இருந்ததா என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். காரணம் பிழையாக இருந்தாலும் சோதனை சரியானதுதான்.

இணையத்தில் இன்னொரு கடைவீதியும் இருக்கிறது. மூலிகையால் தீரும், கண் பயிற்சியால் தீரும் என்கிறவர்கள். போட்டவுடன் கண்ணீர் விட்டு அழுபவர்களைக் காட்டும் கண்ணாடி விளம்பரங்கள். பிறவிக் குறைக்கு இன்றுவரை மருந்து கிடையாது. 2009-ல் அமெரிக்காவில் அணில் குரங்குகளின் கண்ணில் விடுபட்ட மரபணுவைச் செலுத்தி அவற்றுக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டை வரவைத்தார்கள். மனிதருக்கு அது இன்னும் சிகிச்சையாகவில்லை. அந்தக் கண்ணாடிகள் இரண்டு கூம்புகளும் சேர்ந்து வாங்கும் நடு அலைநீளங்களை வெட்டிவிடுகின்றன. சில பொருள்களுக்கிடையே வேறுபாடு தூக்கலாகத் தெரியலாம். இல்லாத கூம்பை எந்தக் கண்ணாடியும் தராது. 2018-ல் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது அவற்றை அணிந்தவர்களின் நிறப்பார்வை இயல்பான பார்வைக்கு மாறவில்லை. விலையோ பல ஆயிரம் ரூபாய்.

இதற்கு மாறாக, இணையத்தில் கிடைக்கும் ஒரு பொருள் உண்மையிலேயே அருமையானது. ஒரு படத்தைக் கொடுத்தால் நிறக்குறை உள்ளவருக்கு அது எப்படித் தெரியும் என்று மாற்றிக் காட்டும் செயலிகள். 1997-ல் ப்ரெட்டல், வியெனோ, மாலன் மூவரும் வெளியிட்ட கணக்கு முறையை அடியொற்றிப் பல வந்திருக்கின்றன. ஒரு வாத்தியார் தன் கரும்பலகையைப் படமெடுத்து அதில் போட்டுப் பார்க்கட்டும். பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்பீஸால் அடிக்கோடிட்ட முக்கியமான வரி காணாமல் போயிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இது எங்கெல்லாம் கடிக்கிறது என்று பாருங்கள். பிளஸ் 2 வேதியியல் செய்முறைத் தேர்வு. பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கூம்புக்குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்தவுடன் நிறுத்த வேண்டும். அந்த முதல் சாயலைத்தான் நிறக்குறை உள்ள பிள்ளையால் பார்க்க முடியாது. அது அவனுக்குத் தண்ணீர் நிறம். இன்னும் நாலைந்து சொட்டு விழுந்து அழுத்தமான பிறகே நிறுத்துவான். அளவீடு ஒவ்வொரு முறையும் கூடுதலாக வரும். “கவனமில்லாத பயல்” என்று பேர் வாங்குவான். கே.புதூர் ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ் படிக்கப் போகிறவனுக்கு முன்னால் ரெசிஸ்டர் வரும்: பழுப்புப் பட்டை 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, பச்சை 5. நான்கும் அவனுக்கு ஒன்றுக்கொன்று பங்காளிகள். மல்டிமீட்டரை வைத்து அளந்துவிடலாம் என்று யாராவது முதல் நாளே சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மங்கலான மூலையில், அழுக்குப் படிந்த சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் பிடித்தால் உயிர்ப் பிரச்சினை. பச்சையில் மஞ்சள் கோடு போட்ட இப்போதைய எர்த் வயரை அவனும் தவறவிட மாட்டான். ஒரு கோடு போட்டதில் தீர்ந்த சிக்கல் அது. நிறத்தோடு இன்னொரு அடையாளத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இது குடும்பத்துக்குள் எப்படி இறங்கிவருகிறது என்பதைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது; உறவுமுறை நமக்கு விரல்நுனியில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம். அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அப்பா மகனுக்குத் தருவது ஒய். ஆகவே அப்பாவின் நிறக்குறை மகனுக்கு வருவதில்லை. அது மகள்கள் எல்லோரிடமும் மறைவாகப் போய்த் தங்கும். அவர்கள் கண்ணில் தெரியாது. அந்த மகள் வயிற்றுப் பேரனுக்கு வர சரிபாதி வாய்ப்பு. தாய்வழித் தாத்தாவின் கண் பேரனுக்கு வரும். ஒருவருடைய தாய்மாமனுக்குக் குறை இருந்தால், தனக்கும் இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்வது நல்லது.

பெண்ணுக்கு இது வெளிப்பட வேண்டுமானால் இரண்டு எக்ஸிலும் இருக்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பாவில் ஆண்களில் நூற்றுக்கு எட்டு என்றால் பெண்களில் இருநூற்றுக்கு ஒன்று. இங்கே நம் ஊர்க் கல்யாண முறை குறுக்கே வருகிறது. குறை உள்ள ஒருவர் தன் மாமன் மகளைக் கட்டுகிறார் என்று வையுங்கள். அவருடைய எக்ஸ் அவர் அம்மாவிடமிருந்து வந்தது; மாமன் அந்த அம்மாவின் உடன்பிறப்பு. ஒரே பாட்டியின் எக்ஸ் மாமன் மூலம் பெண்ணுக்கும் வந்திருந்தால், பிறக்கும் மகளுக்குக் குறை வெளிப்பட சரிபாதி வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டும் தாய்மாமனுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. ஆனால் அத்தை மகளைக் கட்டினால்? அத்தை அப்பாவின் உடன்பிறப்பு. அப்பாவின் எக்ஸ் மகனுக்கு வரவே இல்லை. அந்த வழியில் இந்தக் குறைக்குக் கூடுதல் வாய்ப்பு எதுவும் கிடையாது. ஊரில் இரண்டையும் ‘முறைப்பெண்’ என்று ஒரே தட்டில் வைக்கிறோம்; எக்ஸ் குரோமோசோம் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. இதற்காக யாரும் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் பெண் பிள்ளைகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பதே செய்தி. பெண்ணுக்கு வராது என்று விட்டுவிடுகிறோம்.

கறுப்பு வெள்ளையாகவே பார்ப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்கு மூன்று வகைக் கூம்பும் வேலை செய்வதில்லை. முப்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்பது பொதுக் கணக்கு. அது எக்ஸ் சார்ந்ததல்ல. அப்பா, அம்மா இரு பக்கமிருந்தும் வர வேண்டும். ஆகவே மாமன் மகள், அத்தை மகள் என்ற வேறுபாடு இங்கே கிடையாது. எந்த நெருங்கிய சொந்தத்திலும் வாய்ப்பு கூடும். பசிபிக் தீவான பிங்கெலாப்பில் 1775 வாக்கில் அடித்த புயலுக்குப் பின் எஞ்சிய சிலரின் வழியில் இது பரவியதை ஆலிவர் சாக்ஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கு நிறத்தைவிட வெளிச்சமே பெரிய தொல்லை. மதுரை வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியாது; கரும்பலகை எழுத்தும் தெரியாது. கறுப்புக் கண்ணாடியும், வகுப்பில் முன்வரிசையும், பெரிய எழுத்தும் அவர்களுக்குச் சலுகையல்ல, படிப்பதற்கான குறைந்தபட்சத் தேவை.

பிறவியில் வராமல் நடுவில் வருவதும் உண்டு. காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று சிவப்பும் பச்சையும் மங்குவது. உடனே மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீளும்; தாமதித்தால் பார்வையே போகலாம். இப்போதைய சிகிச்சையில் ஆறு மாதமும் அந்த மாத்திரை உண்டு. ஆகவே தொடங்கும்போதே, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்து எழுதிவைக்க வேண்டும். தனக்குப் பிறவிக்குறை இருப்பதே தெரியாத ஒருவருக்கு மூன்றாம் மாதம் முதல்முறையாக இஷிஹாரா புத்தகத்தைக் காட்டினால், மருந்தின் வேலையா, அம்மா தந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

கண்புரையும் நிறத்தைத் தின்னும். வயதாக ஆக விழிவில்லை மஞ்சளித்து, பிறகு பழுப்பேறி, நீல ஒளியைத் தடுத்துவிடும். மெல்ல மெல்ல நடப்பதால் யாருக்கும் தெரியாது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், உள்விழி லென்ஸை மலிவாகச் செய்து தர 1992-ல் அது நிறுவிய ஆரோலேபும் இந்தச் சமவெளியின் கிராமங்களுக்கு மீட்டுத்தந்தது எழுத்து, முகம் மட்டுமல்ல, நீலத்தையும்தான். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் முடிந்த பெரியவரிடம், ஒவ்வொரு கண்ணாக மூடித் தன் வேட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் வெள்ளை, மறு கண்ணில் டீ சிந்திய நிறம். வருஷக்கணக்காக அதைத்தான் வெள்ளை என்று நம்பியிருந்தார்.

நிறம் எப்படித் தோன்றுகிறது என்ற கேள்வி, திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனையும் கடைசிக் காலத்தில் ஆட்கொண்டது. பூக்களின் நிறங்களை ஆராய்ந்து, மூன்று வகைக் கூம்பு என்ற கொள்கையையே மறுத்து, 1968-ல் பார்வையின் உடலியல் பற்றித் தனி நூல் எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1964-ல், ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் ஹார்வர்டிலும் ஒற்றைக் கூம்பின்மேல் ஒளியைச் செலுத்தி மூன்று வகையையும் அளந்துவிட்டிருந்தார்கள். ராமன் அந்த இடத்தில் தவறினார். ஆனாலும் எண்பது வயதில் ஒரு ரோஜாவைக் கையில் வைத்துக்கொண்டு இது ஏன் சிவப்பு என்று விடாமல் கேட்ட அந்த மனிதரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி சட்டத்துக்கு வருவோம். பத்தாண்டுகளுக்குள் நிறைய மாறியிருக்கிறது. நிறக்குறை உள்ளவர்களை மருத்துவப் படிப்பில் சேர்க்க மறுத்ததை எதிர்த்துத் திரிபுரா மாணவர்கள் தொடுத்த வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. 2020 ஜூனில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தி, லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்கள் ஓட்டுநர் உரிமம் பெற வழிசெய்தது. 2022 ஏப்ரலில், புணே திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்புப் படிக்க மறுக்கப்பட்டவரின் வழக்கில், நிறக்குறை உள்ளவர்களுக்கு எந்தப் படிப்பும் மூடப்படக் கூடாது என்றும், நிறத்திருத்தப் பாடத்தை விருப்பப் பாடமாக்கலாம் என்றும் நிபுணர் குழு சொன்னதை நீதிமன்றம் ஏற்றது. தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது 2023 அக்டோபர் 16 தீர்ப்பு. மின்வாரிய உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வாகி, நிறக்குறையைக் காரணம் காட்டி மறுக்கப்பட்ட ஒரு பொறியாளர், சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் வென்று, இரு நீதிபதிகள் அமர்வில் தோற்று, உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு அவருக்கு வேலை தரச் சொன்னது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் நிறக்குறை இல்லை. ஆகவே இடஒதுக்கீடும் இல்லை. முழுத் தகுதி என்று வேலையும் இல்லை. அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டவருக்கும் நியாயமான மாற்று ஏற்பாடு செய்து தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். பொறியாளர் என்றால் கம்பத்தில் ஏறி வயர் பிடிப்பது மட்டுமா வேலை? திட்டமிடல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, மேற்பார்வை இருக்கிறது. 2025 ஆகஸ்டில், நிறக்குறைக்காக ஓய்வுக்கு அனுப்பப்பட்ட தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநருக்கும் மாற்று வேலை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த வழக்குகளில் வென்றவர்கள் பல வருடங்களைக் கொடுத்து வென்றிருக்கிறார்கள். வழக்குக்குப் போக வசதியில்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் ஐந்து நிமிடத்தில் தொடங்கியிருக்க வேண்டியது. அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதனை நடக்கிறது, இலவசக் கண்ணாடியும் கொடுக்கிறார்கள், நல்ல வேலை. அதன் நோக்கம் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பது. நிறக்குறை உள்ள பிள்ளை கடைசி வரி வரை சரியாகப் படித்துவிட்டு எழுந்துபோய்விடுவான். அதே வரிசையில், அதே பகல் வெளிச்சத்தில் நாலு தாளைக் கூடுதலாகக் காட்டினால் போதும். எண் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக, விரலால் வளைகோட்டைத் தொடர்ந்துபோகும் தாள்களும் இஷிஹாரா புத்தகத்திலேயே உண்டு. தவறியவர்களை, குறையின் அளவைச் சொல்லக்கூடிய மேல்சோதனைக்குக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். லேசா, கடுமையா என்பதில்தான் ஓட்டுநர் உரிமம் வரை எல்லாம் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் இதைத் தெரிந்துகொண்ட பையனுக்கு ரயில்வே மூடிவிடாது. வண்டி ஓட்டுவது போல, நிறப்பார்வை கட்டாயமான பணிகள்தாம் இல்லை. சி-1, சி-2 பிரிவுப் பணிகளுக்கு நிறப்பார்வைச் சோதனையே கிடையாது. எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிப்பது என்று பதினெட்டு வயதில் அவன் அறிந்தே முடிவெடுப்பான். கோச்சிங் பணமும் மிச்சம், இரண்டு மூன்று வருட உழைப்பும் மிச்சம். வேதியியல் ஆய்வகத்தில் முடிவுப்புள்ளியைப் பார்க்கப் பக்கத்துப் பையனைத் துணைக்கு வைத்துக்கொள்ள வாத்தியார் அனுமதிப்பார். அவனுடைய தம்பியையும், தங்கையையும், சித்தி மகனையும் அடுத்த வாரமே அதே புத்தகத்தின் முன் உட்காரவைக்கலாம்.